சிரிப்பு ஷாட்

பெரிய காஞ்சிபுரம்
11 மே 2025

சிவமயம்

அன்புள்ள தம்பி தினகரனுக்கு, அக்கா அகிலாவின் ஆசீர்வாதம். காமாட்சி கிருபையில் நான் நலம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? ஹைதராபாத் வெயிலும் நம் ஊர் வெயிலும் பங்காளிகள் என்கிறார்கள். மோர் குடி, காரத்தைக் குறைத்துக்கொள்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று நீ சிரிப்பாய். என் போன் பீரோவில் இருக்கிறது, சிம் கார்டு அரிசி டப்பாவில் இருக்கிறது. அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து நீ பஸ் ஏறினாயே, மறுநாளிலிருந்து யூடியூப்காரர்கள் விடவில்லை. "மேடம், ரெண்டே நிமிஷம், உங்க வலியச் சொல்லுங்க" என்றான் ஒருவன். எனக்கு வலி ஒன்றும் இல்லையப்பா என்றேன். அதையே தலைப்பாகப் போட்டுவிட்டான்.

அவர்கள் சொல்வதையெல்லாம் நீ பார்த்தாயோ என்னவோ. தை மாதம் உன் சினிமாக் கம்பெனிக்காரர்கள் நம் வீட்டைச் சாவு வீடாக்கிப் படம் எடுத்தார்கள். பிணமாகப் படுக்கச் சென்னையிலிருந்து வந்த ஆள் பட்டுநூல் தூசியில் தும்மிக்கொண்டே இருந்தான். "சும்மா படுத்துக்கினு இருக்கறதுக்கு ஒரு ஆளாபா? தள்ளு, நான் படுக்கறேன்" என்று அப்பா போய்ப் படுத்தார். தலைமாட்டில் மகளாக உட்கார நானே போதும் என்றார் டைரக்டர். கண்ணில் கிளிசரின் விட்டும் எனக்கு அழுகை வரவில்லை. பங்குனியில் அப்பா நிஜமாகவே போய்விட்டார். இப்போது இரண்டையும் ஒட்டி, நடுவில் ஒரு சிவப்பு அம்புக்குறி போட்டு, "பிணமாக நடித்தவர் பிணமானார்! கண்ணீர் விடாத மகள்!" என்று ஓட்டுகிறார்கள். ஷூட்டிங்கில் யாரோ போனில் எடுத்ததைத்தான் நிஜச் சாவு என்று காட்டுகிறார்கள். பொய் என்று சண்டைக்குப் போகலாம். ஆனால் நிஜச் சாவிலும் நான் அழவில்லையே, பொய் என்று எப்படிச் சொல்வது?

எனக்கு உன்னிடம் ஒன்று வேண்டும். பிணமாக நடித்தவர் எழுந்து உட்கார்ந்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அதையும் படம் பிடிக்க வேண்டும், அப்புறம் பூசணிக்காய் உடைக்க வேண்டும், அதுதான் சினிமாக்காரர்களின் திருஷ்டிக் கழிப்பு என்று நீதானே சொன்னாய்? அந்த நேரத்தில் நான் கிளிசரினைக் கழுவக் கிணற்றடிக்குப் போய்விட்டேன். நீ வாசலில் கூட்டத்தை விலக்கிக்கொண்டிருந்தாய். அந்தச் சிரிப்பு ஷாட்டை எடுக்காமல் விட்டுவிட்டார்கள், அதனால்தான் மனுஷன் போனார் என்கிறது தெரு. தெரு சொல்வது எனக்குப் பெரிதில்லை. அப்பா சிரித்த படம் ஒன்றுகூட நம்மிடம் இல்லை, தினா. கல்யாணப் போட்டோவிலேயே போலீஸ்காரரைப் பார்த்தவர் மாதிரி நிற்கிறார். ஆதார் கார்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எடுத்தார்களா? எடுத்திருந்தால் எப்படியாவது வாங்கி அனுப்பு. அவசரமென்றால் பக்கத்து வீட்டுப் பெரியநாயகி அக்கா நம்பருக்குக் கூப்பிடலாம். ஆனால் அவள் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள், தெருவே பதில் சொல்லும்.

உன் நலம் விரும்பும் அக்கா,
அகிலா


ஹைதராபாத்
24 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி தினகரன் வணக்கம். நான் நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? ஒரு ஆளுக்குச் சமைப்பதா என்று அலுத்துக்கொண்டு காபியிலேயே ஓட்டாதே.

உன் எழுத்தைப் பார்த்துப் பள்ளிக்கூட நாள் மாதிரி இருந்தது. யூனிட்டில் எல்லோரும் வாங்கிப் பார்த்தார்கள். கடிதம் எழுதும் அக்கா இருக்கிறாள் என்று எனக்கு இங்கே தனி மரியாதை.

உனக்கு ஒரு சேதி. நம் தெரு இப்போது ஹைதராபாத்தில் இருக்கிறது. அப்பா விஷயத்தில் கிளம்பிய சர்ச்சைக்குப் பிறகு தெருக்காரர்கள் இனி ஷூட்டிங்கே கூடாது என்றுவிட்டார்கள் அல்லவா, இங்கே ஸ்டூடியோவில் மொத்தத் தெருவையும் செட் போட்டுவிட்டோம். நம் வீடு நிஜத்தை விட இங்கே அழகாக இருக்கிறது. சுவரில் வெடிப்புக்கூட வரைந்திருக்கிறார்கள். உள்ளே போனால் மட்டும் வீடு இல்லை, வேறு ஏதோ படத்துக்குப் போட்ட பஞ்சாப் தாபா இருக்கிறது. பின்னணியில் ஏகாம்பரநாதர் கோபுரம் வேண்டும் என்றார் டைரக்டர். துணியில் அச்சடித்துத் தொங்கவிட்டோம். காற்றடித்தால் கோபுரம் ஆடுகிறது. நேற்று ஒரு லைட் பாய் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

லொக்கேஷன் மேனேஜராக இத்தனை வருஷத்தில் நான் கண்ட உண்மை இதுதான். பணக்கார வீடென்றால் காரைக்குடிக்குப் போக வேண்டும், பசுமையென்றால் பொள்ளாச்சி, ஆறு வாய்க்கால் என்றால் கோபி. காதல் பாட்டுக்கு மட்டும் யாரும் பேர் கேள்விப்படாத நாடு. இவற்றை விட்டு, காஞ்சிபுரத்துக் கதையைக் காஞ்சிபுரத்திலேயே எடுக்கலாம் என்று வாய் கொடுத்தேன் பார், அது என் அதிகப்பிரசங்கித்தனம். நம் வீட்டையே காட்டியது அதைவிட.

நீ கேட்டது எடிட்டிங் ஆபீசில் ஏதாவது ஒரு ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கும். விசாரித்துச் சொல்கிறேன். அங்கே ஒரு பெட்டி நிறைய அதுதான், எதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

வெயிலில் அலையாதே. கோவில் கூட்டத்தில் போய் மாட்டிக்கொள்ளாதே.

அன்புத் தம்பி,
தினகரன்


பெரிய காஞ்சிபுரம்
8 ஜூன் 2025

சிவமயம்

அன்புள்ள தினாவுக்கு, அக்கா ஆசீர்வாதம். சுகம். உன் சுகத்துக்குக் குறைவிருக்காது என்று நம்புகிறேன்.

துணிக் கோபுரத்தைப் படித்துப் பெரியநாயகி அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. சிரிப்பு வரவில்லை. இப்போதெல்லாம் எதுவும் வருவதில்லை. பசி, கோபம், தூக்கம், எல்லாம் அடுத்த வீட்டில் நடப்பது போல இருக்கிறது. உடம்புக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதே. என் தறியில் வேலை ஓடுகிறது. அப்பா தறியில் பாதிப் புடவை நிற்கிறது. அதை அறுக்கவும் இல்லை, நெய்யவும் இல்லை.

அவர் போன அன்று நடந்ததை உனக்குச் சொல்லவில்லை. நீ மறுநாள் காலையில்தான் வந்து சேர்ந்தாய், வந்ததும் கொள்ளிச் சட்டியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அப்பா டிவிக்கு முன்னால் உட்கார்ந்தபடியே போனார். உங்கள் படத்தைப் பற்றித்தான் ஏதோ விவாதம். சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பார், உனக்குத் தெரியுமே. "சத்தம் இல்லாம பாத்தாதாம்மா யாரு இன்னா சொல்றான்னு புரியுது" என்பார். நான் காபி கொண்டுவந்தபோது டிவியில் நான்கு பேர் கையை நீட்டி நீட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

பந்தல் வந்தது, சங்கு ஊதினார்கள், மேளம் அடித்தார்கள். தெருவில் ஒரு தறியும் நிற்கவில்லை. நம் தெருவில் சாவு விழுந்தால் எடுக்கும் வரை யாரும் தறியில் உட்காரமாட்டார்கள் இல்லையா? ஷூட்டிங்கில் முதல் நாள் சங்குச் சத்தம் கேட்டதுமே பழக்கத்தில் எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். டைரக்டருக்குத் தறிச் சத்தம் வேண்டியிருந்தது. நீதான் வீடு வீடாகப் போய், "சங்கு ஊதினா நிறுத்தாதீங்க, ஷூட்டிங்தான், நீங்கபாட்டுக்கு நெய்ங்க" என்று சொல்லிவைத்தாய். சொன்னதை மறக்காமல் நெய்தார்கள். மிச்சக் காட்சி எடுக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார்கள். பெரியநாயகி அக்கா மட்டும் எட்டிப் பார்த்து, "மறுபடியும் எடுக்கறாங்களா? கேமரா எங்கமா?" என்று கேட்டாள். நான் ஒரு குரல் அழுதிருந்தால் தெரிந்திருக்கும். அழவில்லை. அவள் கிட்டே வந்து அப்பா காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கத்தினாள். அதன் பிறகுதான் தறிகள் நின்றன.

உன்மேல் குறை சொல்லவில்லை. நடந்தது அது.

போட்டோ மாட்ட வேண்டுமே என்று ஸ்டூடியோவுக்குப் போனேன். ஆதார் படத்தைக் கொடுத்தேன். "ஏஐல போட்டு சிரிக்க வெச்சித் தரேன்கா, லைட்டா, நேச்சுரலா" என்றான். சிரிக்க வைத்தான். முப்பத்திரண்டு பல்லும் தெரிய யாரோ ஒரு மாப்பிள்ளை சிரிக்கிறார். அப்பாவுக்கு முன்பல் ஒன்று இல்லை என்றேன். "எந்தப் பல்லுக்கா? எடுத்துர்லாம்" என்கிறான். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

அதனால்தான் கேட்கிறேன். விசாரித்தாயா?

அக்கா,
அகிலா


ஹைதராபாத்
2 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு, வணக்கம். பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, நேரம்தான் இல்லை. நீ எப்படி இருக்கிறாய்? தூக்கம் வராவிட்டால் டாக்டரைப் பார்.

தறி விஷயம் எனக்குத் தெரியாது அக்கா.

வேறு விஷயம் சொல்கிறேன். டிவியில் புது விவாதம் நடப்பது உனக்குத் தெரிய வாய்ப்பில்லை. டீசரில் நம் கதாநாயகன் "வந்துக்கினு இருக்கறேன்" என்று சொல்லிவிட்டான். பட்டு நெசவாளியை இப்படிப் பேசவிட்டது இழிவு என்று ஒருவர், இதுதான் மண்ணின் மொழி என்று இன்னொருவர். செந்தமிழ் செத்துவிட்டது என்று மூன்றாமவர் ஆங்கிலத்தில் வருத்தப்பட்டார். நான்கு பேரில் ஒருவரும் காஞ்சிபுரத்துக்காரர் இல்லை. பேருந்து நிலையத்தில் கால்மணி நேரம் நின்றால் தீர்ந்துவிடும் சந்தேகத்துக்கு ஒரு மணி நேர நிகழ்ச்சி. நடுவில் பட்டுப்புடவைக் கடை விளம்பரம் வேறு.

கதாநாயகனுக்கு நம் பேச்சு சொல்லிக்கொடுக்க ஒரு வாத்தியாரைப் போட்டிருக்கிறோம், தஞ்சாவூர்க்காரர். எங்கே பார்த்தாலும் "இன்னாபா" போட்டால் வட்டார வழக்கு என்பது அவர் கணக்கு. காதல் காட்சியில் கதாநாயகியின் கையைப் பிடித்துக்கொண்டு "இன்னாபா" என்கிறான் இவன். அந்தப் பெண் மும்பை. அவளுக்கு எல்லாத் தமிழும் ஒன்றுதான், உருகிவிட்டாள். டைரக்டருக்கோ எல்லாம் "ரா"வாக இருக்க வேண்டும், "ஆர்கானிக்"காக இருக்க வேண்டும். இட்லி வேகவில்லை என்று ஒருவர் புகார் சொன்னதற்குக்கூட ரா நல்லதுதானே என்றார் மெஸ்காரர்.

நீ கேட்டதை விசாரித்தேன். கேமரா அசிஸ்டென்ட் விமல்ராஜுக்குத்தான் தெரியும். அவன் பாட்டு ஷூட்டிங்குக்கு ஜார்ஜியா போயிருக்கிறான். வந்ததும் கேட்கிறேன்.

தம்பி,
தினகரன்


பெரிய காஞ்சிபுரம்
19 ஜூலை 2025

தினாவுக்கு அக்கா ஆசீர்வாதம். நலம்.

ஜார்ஜியாவில் இருக்கும் விமல்ராஜை நேற்று ஆடி வெள்ளிக் கூட்டத்தில், காமாட்சியம்மன் கோவில் வரிசையில் பார்த்தேன். கூரத்தில் அவன் மாமியார் வீடாம், கூழ் குடிக்க வந்தானாம். ஜார்ஜியா எப்படிப்பா இருந்தது என்றேன், திருதிருவென்று விழித்தான்.

நேராகவே கேட்டேன். "எடுத்தோம்கா. எடுக்காம இருப்போமா? பெருசு நல்லாதான் சிரிச்சாரு. என்னவோ பேசவும் பேசினாரு. தினா அண்ணன் எடிட்டிங்ல வந்து பாத்தாரே, உங்களுக்குச் சொல்லலியா?" என்றான். அப்புறம் பிள்ளை அழுகிறது என்று வரிசையை விட்டே போய்விட்டான்.

நீ பார்த்துவிட்டாய். நன்றாகச் சிரித்தாராம், பேசினாராம். எனக்கு ஏன் இல்லை?

பேச்சுத்தமிழைப் பற்றி நீ எழுதியது நன்றாகத்தான் இருந்தது. பத்திரிகைக்கு அனுப்பு. எனக்கு இதற்குப் பதில் போடு.

அகிலா


ஹைதராபாத்
21 ஆகஸ்ட் 2025

அக்காவுக்கு வணக்கம். நலமா?

பார்த்தது நிஜம்தான். இருக்கிறது, பத்திரமாக இருக்கிறது. இப்போது கேட்காதே. தீபாவளிக்கு நானே கொண்டுவருகிறேன். காரணம் இருக்கிறது.

யார் வந்து என்ன சொன்னாலும் எதிலும் கையெழுத்துப் போடாதே.

தினகரன்


பெரிய காஞ்சிபுரம்
14 செப்டம்பர் 2025

சிவமயம்

தம்பி தினகரனுக்கு, அக்கா எழுதுவது. நான் நலம். நீ நலமென்று எடுத்துக்கொள்கிறேன், கார்டில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை.

யார் வந்தாலும் என்று எழுதினாயே, வந்தார்கள். உங்கள் படத்தின் புரமோஷன் ஆட்களாம். கார் தெருவுக்குள் நுழையாமல் முனையிலேயே நிறுத்திவிட்டு, குடை விளக்கு, கேமரா, லேப்டாப் எல்லாம் தூக்கிக்கொண்டு நடந்து வந்தார்கள். தலைவி மாதிரி ஒரு பெண், மஹாலட்சுமி என்று பெயர், உன் வயதுதான் இருக்கும். மரியாதையாகப் பேசினாள். அப்பா படத்தைத் தேடினாள், சுவரில் இல்லையே என்று நிஜமாகவே வருத்தப்பட்டாள். காபி கொடுத்தேன்.

"அப்பாவோட லாஸ்ட் ஸ்மைல் எங்க கிட்ட இருக்குது மேம். அத முதல்ல பாக்க வேண்டியது நீங்கதான். இங்கயே போட்டுக் காட்றோம்" என்றாள். கிட்டே நகர்ந்து உட்கார்ந்தேன் தினா. எத்தனையோ மாசத்துக்குப் பிறகு என் உடம்பில் ஏதோ ஒன்று அசைந்தது அப்போதுதான். லேப்டாப்பைத் திறந்து என் எதிரில் வைத்தார்கள். கேமராவையும் என் முகத்துக்கு நேரே வைத்தார்கள்.

இது எதற்கு என்று கேட்டேன். "நீங்க அப்பாவப் பாக்கும்போது நாங்க உங்களப் பாப்போம் மேம். ரியாக்ஷன்" என்றாள். அழாத மகள் என்று ஊர் சொல்லிவிட்டதாம். இதைப் பார்த்து நான் அழுதால் அந்தப் பேரே மாறிவிடுமாம். எனக்கு நல்லதுக்குத்தான் செய்கிறார்களாம். அவள் அதை நம்பித்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

"அதை வெச்சிட்டு எல்லாரும் தெருமுனை வரிக்கும் போய் வாங்கம்மா, நான் தனியா பாத்துக்கறேன்" என்றேன். முடியாதாம், கம்பெனி ரூல்ஸாம். சரி, கேமரா இருந்தால் இருக்கட்டும், பார்த்துவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவ்வளவு ஆசை. அப்புறம் ஒரு யோசனை வந்தது. அப்பா முகத்தைப் பார்த்தும் எனக்கு அழுகை வராவிட்டால்? அதையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்களே. எனக்கே தெரிந்துபோகுமே.

காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். கொஞ்ச நேரம் இருந்து பார்த்துவிட்டுக் கிளம்பினார்கள். போகும்போது அவள், "உங்க தம்பிதான் மேம் இதுக்கு ஒத்துக்க மாட்டேங்கறாரு. ஆபீஸ்ல பெரிய சண்டை. பாவம், அவருக்கே பிரச்சினையாயிடும்" என்றாள். இதை நீ எழுதவே இல்லையே.

அதில் அப்படி என்ன இருக்கிறது?

அக்கா,
அகிலா


பெரிய காஞ்சிபுரம்
25 அக்டோபர் 2025

தினாவுக்கு,

நலம்தானே? ஒரு வரி போடு.

தீபாவளி போனது. நமக்கு இந்த வருஷம் பண்டிகை இல்லை என்பதால் தெருவில் எல்லோரும் பலகாரம் கொடுத்தார்கள். நீ வருவாய் என்று எடுத்து வைத்தேன். அதிரசம் ஊசிப்போனது. முறுக்கு இன்னும் இருக்கிறது.

என்மேல் கோபமென்றால் கோபம் என்று எழுது. எனக்கு வராத கோபம் உனக்காவது வரட்டும்.

அகிலா


ஹைதராபாத்
10 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு, உன் தம்பி எழுதுகிறேன். உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. நான் நலமாக இல்லை. நீ நலமாக இருக்க வேண்டும்.

ஜோக்கடித்தே ஓட்டிவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. அந்த ஷாட்டில் இருப்பதை அப்படியே எழுதிவிடுகிறேன்.

டைரக்டர் கட் சொல்கிறார். அப்பா பாயில் எழுந்து உட்காருகிறார். மூக்கிலிருந்த பஞ்சை எடுத்து எங்கே போடுவது என்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். அழுத பெண்களெல்லாம் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்து போகிறார்கள். "கேமராவப் பாத்து சிரிங்க ஐயா" என்கிறான் விமல்ராஜ். அப்பா சிரிக்கவில்லை. உன்னைத் தேடுகிறார், நீ கிணற்றடிக்குப் போய்விட்டாய். கேமராவைப் பார்த்துச் சொல்கிறார்: "எம் பொண்ணப் பாத்தீங்களாபா? ஊரே அழுதுக்கினு இருக்குது, அவ ஒரு சொட்டு விடல. பொய்யின்னு தெரியும் அவளுக்கு. நான் நெஜமா பூட்டேன்னு வெச்சிக்கோ, அப்ப பாரு. ஊரையே கூட்டிடுவா." சொல்லிவிட்டுச் சிரிக்கிறார், அக்கா. பொக்கை தெரிய, தோள் குலுங்கச் சிரிக்கிறார். நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை.

இதை உனக்கு எப்படி அனுப்புவேன்? சாவு வீட்டில் உன் முகத்தை நான் பார்த்தேனே. உனக்கு உள்ளே என்னவோ அடைத்துக்கொண்டிருக்கிறது, அதற்கு மேல் இதையும் போடுவதா? அப்பா உன்னைப் பெருமையாகத்தான் சொன்னார். ஆனால் இப்போது கேட்டால் சாட்டையடி மாதிரி கேட்கும். நானே எடிட்டிங் ரூமில் பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

புரமோஷன்காரர்களுக்கு அது புதையல். அப்பா சொல்வதைப் போட்டு, அடுத்து அழாத உன் முகத்தைப் போட்டு, அதற்குப் பின்னால் படத்தின் பெயரைப் போட வேண்டுமாம். கூடாது என்று மாசக்கணக்கில் மல்லுக்கட்டினேன். வீட்டை ஷூட்டிங்குக்கு விட்டபோது அப்பா போட்ட கையெழுத்து இருக்கிறது, எடுத்ததெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம் என்கிறார்கள். அந்தப் பத்திரத்தை அவரிடம் நீட்டியவன் நான்தான். நேற்று யூனிட்டை விட்டே வந்துவிட்டேன். இப்போது லாட்ஜிலிருந்து எழுதுகிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை டிரெய்லரோடு அதை வெளியிடுகிறார்கள். தயவுசெய்து அன்று வெளியே போகாதே. கடைத்தெரு வேண்டாம், டீக்கடைப் பக்கம் வேண்டாம். பெரியநாயகி அக்கா போனை நீட்டினால் பார்க்காதே. வெட்டாத ஷாட்டை விமல்ராஜ் கொடுத்திருக்கிறான், நான் கொண்டுவருகிறேன். பார்ப்பதானால் நான் பக்கத்தில் இருக்கும்போது பார்.

எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா.

உன் தம்பி,
தினகரன்


பெரிய காஞ்சிபுரம்
16 நவம்பர் 2025

சிவமயம்

என் அன்புத் தம்பி தினகரனுக்கு, அக்கா ஆசீர்வாதம்.

வெள்ளிக்கிழமை வெளியே போகாதே என்று எழுதிய உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை நான் ஐயம்பேட்டை போயிருந்தேன். தையல்நாயகி அத்தைக்குக் காலில் சுளுக்கு, பார்த்துவிட்டு ஷேர் ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தேன். ஆட்டோ நிறைய ஆள். பக்கத்தில் ஒரு காலேஜ் பெண், மடியில் போன்.

முதலில் குரல்தான் கேட்டது. "எம் பொண்ணப் பாத்தீங்களாபா" என்று. அப்பா எங்கேயோ என்னைத் தேடுகிறார் என்று நினைத்துவிட்டேன், தினா. "இதோ இருக்கறேன்பா" என்று வாய்விட்டுச் சொல்லியும் விட்டேன். அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். அவள் மடியில் கீறல் விழுந்த கண்ணாடிக்குள் அப்பா உட்கார்ந்திருக்கிறார். நெற்றியில் ஒட்டிய காசோடு சிரிக்கிறார். பல் இல்லாத இடம் தெரிகிறது. அதற்கு அடுத்து என் முகம் வந்தது. எதிரில் இருந்த அம்மாள் எட்டிப் பார்த்து, "இன்னா பொண்ணுமா இது, கல்லு மாதிரி குந்திக்கினு" என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

எனக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. யாரோ கத்துகிறார்கள் என்றுதான் இருந்தது எனக்கு. ஆட்டோக்காரர் பயந்து நடுரோட்டில் நிறுத்திவிட்டார். இறங்கி ஓரமாக மண்ணில் உட்கார்ந்தேன். மாரில் அடித்துக்கொண்டேன் என்று அப்புறம் சொன்னார்கள். பின்னால் வந்த பஸ் நின்றது. கண்டக்டர் இறங்கினார், டீக்கடையிலிருந்து வந்தார்கள், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் நின்றார்கள். ஒருவன் போனைத் தூக்கினான். அந்தக் காலேஜ் பெண் அதைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். கல்லு என்று சொன்ன அம்மாள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, எதற்கென்று தெரியாமலே கூடவே அழுதாள்.

கண்டக்டர் குனிந்து, "யாருமா பூட்டாங்க?" என்று கேட்டார்.

"எங்கப்பா."

"எப்பமா?"

"பங்குனில."

இது கார்த்திகை வரப்போகும் நேரம் அல்லவா? கண்டக்டர் தலையில் சுற்றியிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பஸ்ஸிலிருந்து யாரும் ஹாரன் அடிக்கச் சொல்லவில்லை.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த மஹாலட்சுமி மேலும் இல்லை, நாளைக்கு வந்தாலும் வரும். அப்பா சொன்னபடி ஊரைக் கூட்டிவிட்டேன் தம்பி, கொஞ்சம் தாமதமாக.

கண் வீங்கியிருக்கிறது, எழுத்து தெரியவில்லை. பசிக்கிறது. நீ கிளம்பி வா.

உன் அக்கா,
அகிலா